கல்வெட்டரும் ராப் பாடகனின் முதுகும்

கடந்த முப்பது வருடத்தில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் செத்துப்போனவர்களில் ஒரு கெட்டவர்கூடக் கிடையாது. குடிகாரன் இல்லை, கஞ்சன் இல்லை, வேலிக் கதியாலை அடுத்தவன் வளவுக்குள் நகர்த்தி நட்டவன் இல்லை. அத்தனை பேரும் உத்தமர்கள். இதற்கு எங்கள் மண்ணோ தண்ணீரோ காரணமில்லை. காரணம் கல்வெட்டர்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும், சாப்பிட வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், பிறகு அவருடைய வாழ்க்கை முழுவதும் பாட்டாக, கடைசியில் குடும்பத்தாரின் நன்றி. இதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். அந்தப் பாட்டுகளை எழுதிக் கொடுப்பவர் கல்வெட்டர். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் மானிப்பாயில் ஒரு சின்ன அச்சகத்தில் பதினொரு வருடம் கணினியில் எழுத்துக் கோத்தேன். அந்தப் பதினொரு வருடத்தில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்வெட்டர் காலையில் கோபத்தோடு எழும்பி, மாலைவரை அதற்குக் காரணம் தேடுகிற மனிதர். ஒருமுறை ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், மூன்று பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். சைக்கிளை அச்சக வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து என் மேசையில் அடித்தார்.

“மூண்டு பேர் பிள்ளை, ஒரே கிழமையிலை. சாகிறதெண்டாலும் ஒரு ஒழுங்கு வேண்டாமே? மூண்டு பேருக்கும் ஒரே உவமையைப் போடேலுமே? சனம் மூண்டு சாப்பாட்டுக்கும் போகும். கண்டுபிடிச்சிடும்.”

கலியாண வீடுகளில் அவரை வயதானவர்களுக்குப் பக்கத்தில் இருத்தமாட்டார்கள். “உங்கடை தாய்வழி அளவெட்டி ஊரோ?” என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்பார். கேட்கப்பட்டவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சங்கானைப் பக்கம் ஒரு பெரியவர் பத்து நாளாகப் பாயை விட்டு எழும்பவில்லை. கல்வெட்டர் சும்மா சுகம் விசாரிக்கப் போனார். அவர் படலையைத் திறந்த சத்தம் கேட்டதும் பெரியவர் எழும்பி, கிணற்றடிக்குப் போய், ஆறு வாளி அள்ளிக் குளித்தாராம். இன்றைக்கும் திடமாக இருக்கிறார்.

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கி விற்ற ஒருவர் இருந்தார். அவருடைய தராசை நம்பிக் கெட்டுப்போகாத தோட்டக்காரன் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அவர் இறந்தபோது கல்வெட்டர் ‘நிறைகோல் வழுவாத நீதியான்’ என்று எழுதிவிட்டார். முப்பத்தோராம் நாள் பந்தியில் தோட்டக்காரர்கள் அந்த வரியை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி, புரையேறிச் சிரித்தார்கள். கல்வெட்டர் இலையை மடித்துவிட்டு எழும்பி வந்தார். பொய் எழுதியதற்காக அல்ல, செத்த வீட்டில் சிரித்ததற்காகக் கோபம்.

எனக்கு அவர்மீது கோபம் வேறு. என் மாமா ஒருவர், குடித்துவிட்டு வந்தால் மாமியை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுவார். மாமி மாட்டுக் கொட்டிலில் விடியும்வரை இருப்பா. அந்த மாமாவுக்குக் கல்வெட்டர் எழுதியது, ‘இல்லாளின் மனங்கோண இசையாதான்’ என்று. அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே அவரிடம் நேரே கேட்டுவிட்டேன்.

“செத்தவன் திருப்பிக் கதைக்க மாட்டான் பிள்ளை. அவனைப் பற்றி உண்மை சொல்லுறது ஒரு வீரமே?” என்றார்.

“மாமி உயிரோடை தானே இருக்கிறா. அவ கதைப்பா. அவவை ஆர் கேட்டது?”

“நான் கேட்டனான். விபரத் தாள் நிரப்பினது அவதான்.”

விபரத் தாள் என்பது கல்வெட்டரின் சொந்தக் கண்டுபிடிப்பு. பிறகு சண்டைக்கு வருவார்கள் என்ற பயத்தில், பாட்டு எழுதுவதற்கு முன் குடும்பத்தில் ஒருவர் தன் கையெழுத்தில் ஒரு தாளை நிரப்பித் தர வேண்டும். பிறந்த ஊர், தாய் தந்தை, படிப்பு, தொழில், பிள்ளைகள், கடைசியில் குணம். அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் தகர பிஸ்கட் பெட்டிகளில் வருடவாரியாக அடுக்கி வைத்திருந்தார். என் மாமி என்ன எழுதினா என்று காட்டச் சொன்னேன். காட்டவில்லை. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எரிந்து விழுந்துகொண்டே மிக ஒற்றுமையாக வேலை செய்தோம்.

இந்த நேரத்தில்தான் எம்.சி. பூவரசின் புத்தகம் வந்தது.

எம்.சி. பூவரசு வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெடியன். இருபது வயதில் கனடாவுக்குப் போய், உணவகத்தில் கோப்பை கழுவி, குளிருக்குள் தெருவில் படுத்து, அடிபிடிக் கூட்டங்களோடு திரிந்து, பொலிஸில் அகப்பட்டு, பிறகு ராப் பாடி உலகம் முழுக்கப் பெயர் எடுத்தவன். அவன் தன் கதையை ‘தெருதான் படிப்பிச்சது’ என்று எழுதியிருந்தான். ஊரில்தான் அடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் எங்கள் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தான். நான் பக்கங்களைக் கோத்து முடித்ததும் முதலாளி வழக்கம்போல புரூப் பார்க்கக் கல்வெட்டரிடம் கொடுத்தார். கல்வெட்டரின் கண்ணுக்கு ஒரு ஒற்றுக்கூடத் தப்பாது. கூலி ஒரு தேத்தண்ணி.

முதலாளி என்ன புத்தகம் என்று சொல்லவில்லை. எங்கள் அச்சகத்தில் அவர் கைக்கு வருவதெல்லாம் கல்வெட்டுத்தான். அட்டையில் முகம், முதல் பக்கத்தில் பிறந்த ஊர், தாய் தந்தை பெயர், நடுவில் குடும்பப் படங்கள், இடையிடையே பாட்டு, கடைசியில் நன்றி. எல்லாம் ஒழுங்காக இருந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பத்துப் பக்கம் வாசித்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“பாவம். சின்ன வயசு. பெடியன் எப்ப மோசம் போனவன்?”

“அவர் சாகேல்லை ஐயா. பாட்டுக்காரர். அடுத்த மாதம் வெளியீட்டுக்கு வாறார்.”

கல்வெட்டர் கண்ணாடியைக் கழற்றினார். “உயிரோடை இருக்கிறவனுக்கு என்னத்துக்குப் பிள்ளை கல்வெட்டு?”

“கல்வெட்டில்லை. தன்ரை வாழ்க்கையைத் தானே எழுதியிருக்கிறார்.”

“தன்னைப் பற்றித் தானேயோ? வெக்கம் கெட்டவன். உந்தக் கதையை எழுதத்தானே நான் இருக்கிறன். தெரு படிப்பிச்சதாம். எந்தத் தெரு? எங்கடை வீதியிலை குழியை விட்டால் படிக்க என்ன இருக்கு?”

ஆனாலும் தாளைக் கீழே வைக்கவில்லை. பாட்டுகளுக்கு வந்தபோது விரலால் மேசையில் தட்டிப் பார்த்தார். “எதுகை இருக்கு. மோனையும் இருக்கு. மரியாதைதான் இல்லை. மூச்சு விடாமல் திட்டுறான்” என்றார். இது அவருடைய வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு. பக்கம் புரண்டது. பிறகு நின்றது. நீண்ட நேரம் ஒரே பக்கத்தில் நின்றது.

நான் அந்தப் பக்கத்தை ஏற்கனவே கோத்திருந்தேன். பூவரசு எழுதியிருந்தது இதுதான்:

‘அப்பா செத்து முப்பத்தோராம் நாள் எல்லாருக்கும் ஒரு புத்தகம் குடுத்தினம். அப்பா கடுஞ்சொல் அறியாத கனிவாயனாம். வீட்டுக்கு நிழலாம். அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. பூவரசந் தடியாலை அவர் அடிச்ச தழும்பு என்ரை முதுகிலை இருந்தது, இப்பவும் இருக்கு. அந்தப் பொய்ப் புத்தகத்தை வாசிச்ச கோபத்திலைதான் என்ரை முதல் பாட்டு வந்தது. அந்தப் புத்தகத்தை எழுதின கூலிக் கிழவனை ஒருநாள் கண்டால், கதைக்க மாட்டன். திரும்பி நிண்டு என்ரை முதுகைக் காட்டுவன்.’

கல்வெட்டர் எழும்பினார். முகம் கறுத்துப் போயிருந்தது. “உந்தப் பக்கம் வரக்கூடாது” என்றார்.

“அது அவரின்ரை புத்தகம் ஐயா.”

“என்ரை பாட்டு. முப்பது வருசமாய் நான் எழுதின எழுத்தைப் பொய்ப் புத்தகம் எண்டு சொல்ல உவன் ஆர்? உந்தப் பக்கம் வந்தால் இனி ஒரு கல்வெட்டும் இஞ்சை வராது. சுன்னாகத்துக்குக் கொண்டு போவன்.”

முழு புரூப்பையும் சுருட்டிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். முதலாளிக்கு வியர்த்தது. கல்வெட்டு இல்லாவிட்டால் எங்கள் அச்சகத்துக்குச் சோறு இல்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். “ஒரு பக்கம் தானே பிள்ளை. எடுத்துப்போட்டு அடிப்பம். கனடாவிலை இருக்கிறவருக்குத் தெரியவே போகுது?”

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அடித்தவனைப் பற்றி அச்சில் நல்லது வரும். அடி வாங்கினவன் ஒரு பக்கம் எழுதினால் மட்டும் அதை எடுத்துப்போட வேண்டும். மாட்டுக் கொட்டிலில் இருந்த மாமிக்கு ஒரு பக்கமும் இல்லை. “பக்கத்தை எடுத்தால் நானும் போயிடுவன்” என்று சொல்லிக் கணினியை அணைத்தேன். முதலாளி அந்தப் பக்கத்தைத் தொடவில்லை.

மறுநாள் காலை கல்வெட்டர் வந்தார். கக்கத்தில் சுருட்டிய புரூப், கையில் பழுப்பேறிய ஒரு தாள். “ஸ்கூட்டியை எடும். வட்டுக்கோட்டைக்குப் போவம். பெடியன்ரை தாய்தான் விபரத் தாள் நிரப்பினது. நான் எழுதினது பிழையில்லை எண்டு அவவட்டைக் கையெழுத்து வேண்டிக்கொண்டு வருவம்” என்றார்.

அந்தத் தாளைக் கேட்டேன். தயங்கித் தந்தார். பிறந்த ஊர், படிப்பு, தொழில் எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் இருந்தன. குணம் என்ற இடத்தில் ஒரு சொல்லை எழுதி, அதன்மேல் பேனையால் பலமுறை வெட்டியிருந்தது. வெட்டின வேகத்தில் தாள் கிழிந்திருந்தது. அதற்குக் கீழே ‘நல்லவர்’ என்று சின்னதாக. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். வெட்டிய சொல் பின்பக்கம் எழும்பித் தெரிந்தது. ‘அடிக்கிறவர்.’

“உங்களுக்கு அப்பவே தெரியுமோ ஐயா?”

தாளை என் கையிலிருந்து பிடுங்கி மடித்தார்.

“உங்கடை பெட்டியளிலை உப்பிடி எத்தினை தாள் வெட்டுப்பட்டுக் கிடக்குது?”

“ஸ்கூட்டியை எடும் எண்டனான்” என்று கத்தினார். என் மாமி நிரப்பிய தாளில் என்ன வெட்டுப்பட்டிருக்கும் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

வட்டுக்கோட்டையில் அந்த அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா. கண் மங்கல். குரலை வைத்துக் கல்வெட்டரைக் கண்டுபிடித்து, கதிரை எடுத்துப் போட்டா. கல்வெட்டர் வழியெல்லாம் தயார்பண்ணி வந்த பேச்சு முதல் வரியிலேயே சறுக்கியது.

“தங்கச்சி, நீர் சொன்னதைத்தானே நான் எழுதினனான். அதுக்கு ஒரு கையெழுத்து...”

“ஓம் அண்ணை. நான்தான் வெட்டினனான். ரெண்டு குமர் இருந்தது. கலியாணம் பேச வாற ஆக்கள் முதல்லை கல்வெட்டைத்தானே கேட்டு வாங்கிப் பாக்கினம். உங்கடை பாட்டைப் பாத்துத்தான் ரெண்டு பேரையும் கேட்டு வந்தவை. உங்களிலை பிழையில்லை.”

கல்வெட்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேட்டீரா என்ற பார்வை. எனக்கு அவரை அந்த மிளகாய்க்குள் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது.

“பெட்டையள் ரெண்டுக்கும் அந்தப் புத்தகம் உதவிச்சுது. அவனுக்குத்தான் ஒண்டும் உதவேல்லை” என்றா அந்த அம்மா. “இப்ப அவனும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறானாம். எனக்கு இப்ப கண்ணிலை எழுத்துத் தெரியேல்லை. பெட்டையளுக்கு ஃபோனிலை அனுப்பினவன், கேட்டால் வாசிக்க மாட்டம் எண்டு அழுகினம். கையிலை வைச்சிருக்கிறியள் போலை. வாசியுங்கோ அண்ணை.”

அங்கேதான் கல்வெட்டர் மாட்டிக்கொண்டார். கேட்டது பெற்ற தாய். மறுக்க முடியாது. கண்ணாடியைப் போட்டார், தொண்டையைச் செருமினார், வாசித்தார்.

கல்வெட்டருக்கு ஒரு ராகம்தான் தெரியும். முப்பது வருடமாகச் செத்த வீடுகளில் பாடிய ராகம். பொலிஸ் துரத்தியதையும், போதைக்காரர்களோடு சண்டை பிடித்ததையும், ஆயிரக்கணக்கான சனம் கைதட்டியதையும் அதே ராகத்தில் இழுத்து இழுத்து வாசித்தார். கனடாக் கெட்டவார்த்தை வந்த இடங்களில் “இதிலை ஒரு சொல்” என்று மட்டும் சொல்லி, ராகம் குலையாமல் கடந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஆர் செத்தது என்று கேட்டுக்கொண்டு வேலியால் எட்டிப் பார்த்தா. எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு நொந்தது. பிறகு அந்தப் பூவரசந் தடியைப் பற்றிய பாட்டு வந்தது.

‘பூவரசம் பூ வாடினால் சிவப்பு
என்ரை முதுகு பூத்தாலே சிவப்பு
அம்மா முறிச்சு அடுப்பிலை வைச்சா ஒண்டு
அப்பா வெட்டிக்கொண்டு வந்தார் ரெண்டு.’

திட்டுவதற்காக எழுதிய பாட்டு அந்த ராகத்தில் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திப் போயிற்று. அந்த அம்மா சத்தமில்லாமல் அழுதா. “முறிச்சனான் அண்ணை. அவன் கண்டிருக்கிறான். முறிச்சதைக் கண்டிருக்கிறான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னா.

கல்வெட்டர் நிறுத்தினார். அடுத்த பக்கம் அவருடைய பக்கம். அதைத் தாண்டிப் போயிருக்கலாம். அந்த அம்மாவுக்குத் தெரிய வந்திருக்காது. ஆனால் மனிதர் வாழ்நாளில் ஒரு வரி விட்டுப் புரூப் பார்த்ததில்லை. கூலிக் கிழவன் என்ற சொல்லையும் அதே குரலில் வாசித்தார். பொய்ப் புத்தகம் என்ற இடத்தில் மட்டும் ராகம் அறுந்தது.

நாங்கள் எழும்பும்போது அந்த அம்மா கையை நீட்டி மறித்தா. “நான் நிரப்பின தாள் வைச்சிருக்கிறியளோ? கையெழுத்து ஒண்டும் வேண்டாம். தாளை அவனட்டைக் குடுங்கோ. நான் வெட்டினதை அவன் அறியட்டும். வெட்ட முந்தி எழுதினனான் எண்டதையும் அறியட்டும்.”

திரும்பி வரும் வழியில் கல்வெட்டர் என்னைத் திட்டவில்லை. ஸ்கூட்டி ஓடும் வேகத்தைக்கூடத் திட்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் புரூப் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் அப்படியே இருந்தது, சரி என்று சிவப்பு மையில் குறியும் இட்டிருந்தது. ‘கிழவன்’ என்ற சொல்லுக்கு நேரே ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ‘அப்போது எனக்கு வயது ஐம்பத்து நான்கு. ஆனாலும் இருக்கட்டும்.’

வெளியீட்டு விழா யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பொன்னாடை, மாலை, ஆளுக்கு அரைமணி நேரப் பேச்சு. பேசியவர்கள் ஒருவரும் புத்தகத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. எம்.சி. பூவரசு கறுப்புச் சட்டையும் தொப்பியுமாக, கால் ஆட்டிக்கொண்டு மேடையில் இருந்தான். சனம் புத்தகம் வாங்க வரிசையில் நின்றது. வரிசையில் கல்வெட்டரும், வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, திருநீறு. அவருடைய முறை வந்தது. அவன் கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தான்.

“கையெழுத்து வேண்டாம்” என்றார் கல்வெட்டர். “நான்தான் அந்தக் கூலிக் கிழவன். முதுகைக் காட்டும் தம்பி. பாக்க வந்தனான்.”

பக்கத்தில் ஒலிவாங்கி திறந்திருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலாளி தலையில் கை வைத்தார். அவன் எழும்பினான். அவரைவிட ஒரு முழம் உயரம். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பேனையை மேசையில் வைத்தான். பிறகு திரும்பி, சட்டையைத் தோள்வரை தூக்கினான்.

கல்வெட்டர் கண்ணாடியைக் கழற்றி, சால்வையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். புரூப் பார்ப்பது போலவே, ஒரு வரி விடாமல், மேலிருந்து கீழ்வரை.

“பிழை என்ரை” என்றார்.

அவன் சட்டையை இறக்கிவிட்டுத் திரும்பினான். கல்வெட்டர் மடித்து வைத்திருந்த தாளை நீட்டினார். அவன் வாசித்தான். தாயின் எழுத்தைக் கண்டு, குணம் என்ற இடத்துக்கு வந்து, என்னைப் போலவே தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். அப்படியே கதிரையில் இருந்துவிட்டான். தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு, பெரிய பாடகன், அத்தனை சனத்துக்கு முன்னால் அழுதான். கல்வெட்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைத் தூக்கி அவன் தோளில் வைக்கப் போய், வைக்காமல், கோபத்தோடு சொன்னார்.

“மற்றது தம்பி, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலை ஒரு ஒற்றுப் பிழை கிடக்குது. நான் குறிச்சுக் குடுத்தனான். உந்தப் பிள்ளைதான் திருத்தேல்லை.”

மண்டபம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அந்த ஒற்றை நான் திருத்தினேன். திருத்தினேன் என்று இன்றைக்கும் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

அதற்குப் பிறகும் கல்வெட்டர் எழுதினார். ஆனால் வெட்டு விழுந்த தாள் வந்தால், அந்தக் குணத்தைப் பற்றி ஒரு வரியும் பாடமாட்டார். பிறந்தார், உழைத்தார், இறந்தார், அவ்வளவுதான். குடும்பத்தார் சண்டைக்கு வந்தார்கள். சில பேர் சுன்னாகத்தில் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். சனம் குணப்பாட்டு இல்லாத கல்வெட்டைக் கையில் வாங்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. என் மாமியின் தாளையும் ஒருநாள் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை மாமியிடம் கொடுத்தேன். அவ அதை இன்னும் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா.

நான் அச்சகத்தை விட்டு வந்துவிட்டேன். போன மாதம் கல்வெட்டர் வெயிலுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இவ்வளவு தூரத்தில் வீடு கட்டினதற்காக முதலில் என்னைத் திட்டினார். பிறகு ஒரு விபரத் தாளை நீட்டினார். அவருடையது. தானே நிரப்பியிருந்தார். அன்றைக்குத்தான் அவருடைய பெயரை முதன்முதல் அறிந்தேன். குணம் என்ற இடத்தில் ‘கோபக்காரர்’ என்று இருந்தது.

“உந்தச் சொல்லை வெட்டப்படாது பிள்ளை.”

“ஓம் ஐயா.”

“என்ரை கல்வெட்டை நீர்தான் எழுத வேணும். பொய் எழுதினீர் எண்டால் எழும்பி வருவன்.”

வெட்டவில்லை. பழைய பிஸ்கட் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, அந்தத் தாளை ஆக அடியில் வைத்து, அதற்குமேல் வீட்டில் இருந்த எல்லாக் கடுதாசிகளையும் அடுக்கியிருக்கிறேன். அதைத் தேடி எடுக்க எனக்குப் பல வருடம் செல்ல வேண்டும்.